கட்டளைவரி நிரல்களில் தேவைவழி மொடியூல் ஏற்றம்: காலச் செலவும் பிழையின் காலமும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய பைதன் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் தமிழ்த் தட்டச்சோடு பழகிய அச்சகமானாலும் பாடசாலையானாலும் சங்கமானாலும் இத்தகைய கோப்புகள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. நிரலிடம் உதவிக் குறிப்பை மட்டும் கேட்டால் நாலைந்து வரி திரையில் வந்தால் போதும். ஆனால் அந்த வரிகள் வருமுன்னே பீடிஎஃப் படிக்கும் நூலகம், எக்செல் எழுதும் நூலகம், அட்டவணைக் கணிப்பு நூலகம், சொற்பிழை காட்டும் நூலகம் அனைத்தும் வட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. நிரலின் தலைப்பில் அவற்றை இறக்குமதி செய்யும் வரிகள் வரிசையாக நிற்பதே காரணம்.

இந்த வரிகளைத் தலைப்பிலிருந்து எடுத்து, வேலை வரும் இடத்தில் வைப்பதைத் தேவைவழி ஏற்றம் என்று இங்கே குறிப்பிடுகிறோம். அதனால் நேரம் மிஞ்சுகிறது என்பது எல்லோரும் அறிந்தது. செலவு இடம்மாறும்போது பிழை வெளிப்படும் வேளையும் சேர்ந்து இடம்மாறுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இக்கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாவது விடயத்தில்தான்.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நாட்கணக்கில் ஓடும் சேவையகங்கள் இங்கே பேசப்படவில்லை. ஓடி முடிந்து மறையும் கட்டளைவரி நிரல்களே பொருள். மனத்தில் வைத்திருக்கும் கணினி, கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் ஏ26 வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில் இருக்கும் ஹுன்னஸ்கிரிய போன்றதோர் ஊரில், சுழலும் வன்தட்டோடு இன்னும் உழைக்கும் ஒரு பழைய மடிக்கணினி. புத்தம்புதுக் கணினியில் அளந்து எழுதிய அறிவுரைகள் இதற்குப் பொருந்துவதில்லை.

2. செலவு எங்கே விழுகிறது

2.1 ஏற்றத்தின் படிகள்

பைதனில் ஒரு மொடியூலை இறக்குமதி செய்யும்போது முதலில் ஏற்றப்பட்டவற்றின் பட்டியல் பார்க்கப்படும். அதில் இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது; ஓர் அகராதியில் பெயர் தேடும் செலவுதான். இல்லாவிட்டால் தேடல் பாதையில் உள்ள அடைவுகள் ஒவ்வொன்றாகத் துழாவப்படும். கோப்பு அகப்பட்டதும் முன்னரே தொகுத்து வைத்த பைட்கோடு இருக்கிறதா, அது மூலக்கோப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கப்படும். பிறகு அந்த பைட்கோடு வாசிக்கப்பட்டு, மொடியூலின் மேல்மட்டத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் இயங்கும். அந்த வரிகளில் வேறு இறக்குமதிகள் இருந்தால் அவற்றுக்கும் இதே சடங்கு. நீங்கள் எழுதியது ஒரு வரியாக இருக்கலாம். திறக்கப்படுவது நூற்றுக்கணக்கான கோப்புகளாக இருக்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: நேரடியாக இயக்கப்படும் முதன்மை ஸ்கிரிப்டுக்கு பைட்கோடு சேமித்து வைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாகத் தொகுக்கப்படுகிறது. மூவாயிரம் வரி நிரலை ஒரே கோப்பில் எழுதி வைத்திருப்பவர் ஒவ்வோர் ஓட்டத்திலும் அதற்குரிய வரியைக் கட்டுகிறார். பெரும்பகுதியை வேறொரு மொடியூலுக்கு நகர்த்தி, ஸ்கிரிப்டைச் சில வரிகளாகச் சுருக்கினாலே கொஞ்சம் மிஞ்சும்.

2.2 வன்தட்டின் கணக்கு

நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய இடம் வாசிப்பு முனையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தை இன்னொரு பத்து என்று வைத்தால் சிதறிக் கிடக்கும் ஒரு கோப்புக்குப் பதினைந்து மில்லிசெக்கன் போய்விடுகிறது. 150 கோப்புகள் என்றால் இரண்டே கால் செக்கன். பணிசெயல் முறைமை பல தொகுதிகளை முன்கூட்டியே வாசித்துவிடும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு ஆகாமலும் போகலாம். ஆனாலும் திண்மநிலை வட்டுள்ள கணினியில் இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. நிரலை எழுதியவருக்குத் தெரியாத தாமதம் நிரலைப் பயன்படுத்துபவரின் மேசையில் மட்டும் தெரிவது இப்படித்தான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒருமுறை வாசித்த கோப்புகளைப் பணிசெயல் முறைமை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டாம் ஓட்டம் எப்போதும் வேகம். நிரலாளர் அளப்பது பெரும்பாலும் இருபதாவது ஓட்டத்தை. பயன்படுத்துபவர் சந்திப்பது காலையில் கணினியைத் திறந்தபின் வரும் முதல் ஓட்டத்தை. அளக்கும்போது இரண்டையும் தனித்தனியே அளக்காவிட்டால் கிடைத்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

பைதனின் 3.7 பதிப்பிலிருந்து ஒவ்வொரு மொடியூலும் எத்தனை மைக்ரோசெக்கன் எடுத்தது, அதன்கீழ் வந்தவற்றைச் சேர்த்தால் எவ்வளவு என்று மரமாகக் காட்டும் இம்போர்ட்டைம் என்ற இயக்கத் தெரிவு உள்ளது. சந்தேகத்தின்பேரில் நிரலைப் பிரித்துப் போடுமுன் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். குற்றவாளி பெரும்பாலும் ஒன்றிரண்டு நூலகங்கள்தான். மீதிப் பட்டியல் நிரபராதி.

2.3 எவ்வளவு தாமதம் தாமதம்

ரொபர்ட் மில்லர் 1968இல் எழுதிய ஆய்வு முதல், மனிதருக்கு உடனடியாகத் தோன்றுவதற்கு ஒரு செக்கனின் பத்தில் ஒன்று என்ற எல்லை பயனர் இடைமுக ஆய்வுகளில் நிலைத்துவிட்டது. ஒரு மணிநேரம் ஓடும் தொகுப்பு வேலையில் அரைச் செக்கன் ஒன்றுமில்லை. தட்டச்சுக்கு நடுவே தத்தல் விசையை அழுத்தினால் கட்டளையின் மிச்சத்தை நிரப்பித் தரும் நிரலில் அதே அரைச் செக்கன் எரிச்சல். ஆயிரம் கோப்புகளுக்கு ஆயிரம் முறை ஒரு நிரலை அழைக்கும் ஷெல் சுழற்சியில் அது 500 செக்கன், எட்டு நிமிடத்துக்கு மேல். தேவைவழி ஏற்றம் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை ஓட்டத்தின் நீளத்தையும் அழைப்பின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

3. முன்வரலாறு

3.1 இடப் பற்றாக்குறையின் காலம்

தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது முதலில் நேரத்துக்காக வந்ததன்று, இடத்துக்காக வந்தது. வேர்ட்ஸ்டாரைப் பயன்படுத்திய தலைமுறைக்கு அதன் அடைவில் கிடந்த ஓவிஆர் என்று முடியும் கோப்புகள் நினைவிருக்கலாம். முழு நிரலும் நினைவகத்தில் அடங்காததால் ஒரு பகுதி வந்து உட்காரும், வேலை முடிந்ததும் அதே இடத்தில் அடுத்த பகுதி வரும். அந்தக் கோப்பை யாராவது தேவையற்றது என்று அழித்துவிட்டால் நிரல் நடுவழியில் நின்றது. ஆறாம் பகுதியில் பேசப்போகும் சிக்கலின் மூத்த வடிவம் இது.

1960களில் எம்ஐடி, பெல் ஆய்வுக்கூடம், ஜெனரல் எலெக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் முறைமை இதைவிட நேர்த்தியானது. ஒரு நடைமுறையை முதன்முதலாக அழைக்கும் கணத்தில் பொறி ஏற்பட்டு, உரிய துண்டு கண்டுபிடிக்கப்பட்டு இணைக்கப்படும். மல்டிக்ஸைக் கண்டு சலித்துப் பிறந்த யுனிக்ஸ் வேறு வழி எடுத்தது: ஒவ்வொரு வேலைக்கும் தனி நிரல். தேவையில்லாத நிரலை யாரும் அழைப்பதில்லை என்பதால் அங்கே தேவைவழி ஏற்றம் தானாகவே நடக்கிறது. கிட்டில் தெரியாத ஒரு கிளைக்கட்டளையைக் கொடுத்தால் அப்பெயரில் தனி நிரல் உண்டா என்று பாதையில் தேடுவது இந்த மரபின் மிச்சம். என் எண்ணத்தில் இன்றைக்கும் மிக மலிவான தீர்வு இதுதான். ஒரே நிரலுக்குள் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசையால் மறந்துவிட்டோம்.

3.2 பேர்ளில் ஒரு பொறி

பேர்ள் மொழியில் யூஸ் என்ற சொல்லும் ரிக்வயர் என்ற சொல்லும் மொடியூலை ஏற்றும். முதலாவது தொகுப்பு வேளையிலேயே நடந்துவிடுவது. இரண்டாவது இயக்க வேளையில் அந்த வரிக்கு வரும்போது நடப்பது. இது தெரியாமல், நிபந்தனைக் கூற்றின் அடைப்புக்குள் யூஸ் வரியை எழுதி, நிபந்தனை பொய்யானால் மொடியூல் வராது என்று நம்பியவர்கள் அநேகர். நிபந்தனை சோதிக்கப்படுவதற்கு வெகுமுன்னரே மொடியூல் வந்துவிட்டிருக்கும்.

ரிக்வயருக்கு மாறினால் வேறொரு விலை. மொடியூலின் சார்புப் பெயர்கள் தொகுப்பு வேளையில் தெரிந்திருக்காது. ஆகவே அவற்றை முழுப்பெயரோடும் அடைப்புக்குறியோடும் அழைக்க வேண்டிவரும். இந்த அசௌகரியத்தைக் குறைக்க ஓட்டோயூஸ் என்ற வசதி வந்தது: சார்பின் பெயரை மட்டும் முன்கூட்டி அறிவித்து வைத்து, முதல் அழைப்பில் மொடியூலைக் கொண்டுவரும். ஓட்டோலோடர் இன்னும் ஒருபடி போய், மொடியூலையே சார்புக்கு ஒன்றாகத் துண்டு துண்டாக வட்டில் வைத்தது. சிறு கோப்புகள் பல என்பதால் அது எப்போதும் லாபமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை, 2.2இன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏனென்று புரியும்.

ரூபியும் இஸட் ஷெல்லும் தத்தம் வகையில் இதையே செய்தன. அவற்றை விரிக்காமல் நம் நாட்டு எடுத்துக்காட்டுக்கு வருவோம்.

4. சஹானா: இலங்கையின் எடுத்துக்காட்டு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்ய இலங்கையில் தன்னார்வ நிரலாளர்கள் சேர்ந்து எழுதியது சஹானா. லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் அதற்குத் தளமாக நின்றது. சமூகப் பயனுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருதும் பின்னர் அதற்குக் கிடைத்தது. அதன் முதல் வடிவம் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது.

இது வலைச் செயலி ஆயிற்றே, கட்டளைவரியோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பிஎச்பி நிரலின் ஆயுள் ஒரு கோரிக்கை வந்து பதில் போகும் வரைதான். அடுத்த கோரிக்கைக்கு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இந்த வகையில் பிஎச்பி பக்கம் ஒவ்வொன்றும் ஓடி முடிந்து மறையும் கட்டளைவரி நிரலின் உடன்பிறப்பு. தொகுத்த வடிவத்தை நினைவில் வைக்கும் வசதி பிஎச்பியின் பொதிக்குள்ளேயே சேர்ந்தது 5.5 பதிப்பில், 2013இல்தான். அதற்கு முன் தனியே அதற்கான நீட்சியை நிறுவாதவர்கள் முழுச் செலவையும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டினார்கள்.

சஹானா இதை எளிமையாகக் கையாண்டது. எந்த மொடியூல், அதில் எந்தச் செயல் என்ற இரு சொற்கள் முகவரியில் வரும். முகப்பு நிரல் அந்த மொடியூலின் அடைவில் உள்ள முதன்மைக் கோப்பை மட்டும் உள்ளெடுத்து, செயலின் பெயரால் அமைந்த சார்பை அழைக்கும். முகாம் பதிவு கேட்டவருக்காகக் காணாமற்போனோர் பதிவேட்டின் நிரல் திறக்கப்படாது. புதிய மொடியூல் வேண்டுமென்றால் அடைவொன்றைச் சேர்த்தால் போதும். பேரிடரின் நடுவே பல கைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மொடியூல்களை எழுத இந்தப் பிரிவினை இடம் தந்தது. ஒருவர் அரைகுறையாக விட்டுவைத்த மொடியூலில் தொடரியல் பிழை இருந்தாலும் மற்றவை நடந்துகொண்டிருக்கும். வேகத்தைவிட இந்தத் தனிமைப்படுத்தலே அந்த வடிவமைப்பின் பெரிய ஆதாயம் என்று கருதுகிறேன்.

5. எல்லைக்கோட்டை எங்கே போடுவது

5.1 கிளைக்கட்டளையே இயல்பான எல்லை

பைதன் பொதிகளை நிறுவும் பிப் கருவியின் உள்ளமைப்பு பாடமாகவே வைக்கத்தக்கது. அதன் கிளைக்கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் மொடியூலின் பெயர், வகுப்பின் பெயர், ஒருவரி விளக்கம் என்ற மூன்று சரங்கள் மட்டும் ஒரு பட்டியலில் உள்ளன. உதவிக் குறிப்புக்கு அந்த ஒருவரி விளக்கங்களே போதும். எந்தக் கட்டளையின் நிரலும் ஏற்றப்படுவதில்லை. பயனர் ஒரு கட்டளையைக் கொடுத்தபின் அதற்குரிய மொடியூல் மட்டும் பெயரால் தேடி ஏற்றப்படும். சஹானாவின் முகப்பு நிரல் செய்ததும் சாராம்சத்தில் இதுதான்.

ஏற்றத்தை ஒவ்வொரு சார்புக்குள்ளும் தெளிப்பதைவிட இப்படி ஒரே இடத்தில் நிறுத்துவது மேல். ஹுன்னஸ்கிரியச் சந்தியில் மீமுரே போகிறவர் லூல்வத்த பக்கம் திரும்பிவிடுவார், மஹியங்கனை போகிறவர் நேரே போவார். மீமுரேக்காரர் அங்கேயே வேண்டிய சாமான்களை வாங்கிக்கொள்கிறார். நேரே போகிறவர் அந்தச் சுமையைத் தூக்கத் தேவையில்லை. வழி தெரிந்தபின், ஆனால் வழியில் இறங்குமுன், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதுதான் கிளைக்கட்டளை எல்லையில் ஏற்றுவதன் பொருள்.

5.2 பாமினி நிரலுக்கு இதைப் பொருத்தினால்

முத்து அண்ணாமலையும் பிறரும் எழுதிய ஓபன்-தமிழ் நூலகத்தில் பழைய எழுத்துருக் குறிமுறைகளை யூனிகோடுக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. சொற்பிழை காட்டும் சொல்திருத்தி, ஒலிபெயர்ப்பு, வேர்ச்சொல் காணல் எனத் தனித்தனிப் பொதிகளும் உள்ளன. எழுத்து எண்ணுபவருக்குச் சொல்திருத்தி வேண்டியதில்லை என்பதை அந்தப் பிரிவினையே சொல்லிவிடுகிறது.

பாமினி மாற்ற அட்டவணை சில நூறு இணைகள் கொண்டது. கொம்பு மெய்க்கு முன்னே தட்டச்சாவதால் நீண்ட தொடர்களை முதலில் மாற்ற வேண்டும் என்ற நுட்பம் இருந்தாலும், ஏற்றத்தைப் பொறுத்தவரை அது பாரமே இல்லை. இதைத் தேவைவழி ஏற்றப் போவது வீண் வேலை, தலைப்பிலேயே இருக்கட்டும். எந்தக் குறிமுறை என்று பயனர் சொல்லாமல் நிரலே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பல அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்; அப்போது பிரித்து வைத்தும் பயனில்லை.

பாரம் இருப்பது வேறு மூன்று இடங்களில். பீடிஎஃப் நூலகம், அட்டவணை நூலகம், சொற்பட்டியல். மூன்றாவது நிரலே அல்ல, தரவு. பல்லாயிரம் சொற்களைக் கோப்பிலிருந்து வாசித்துத் தேடல் மரமாகக் கட்டுவது எந்த மொடியூல் ஏற்றத்தையும்விட நேரம் தின்னும். மொடியூலை ஏற்றும்போதே தரவையும் கட்டிவிடும்படி மேல்மட்டத்தில் எழுதிவைப்பது தமிழ்க் கருவிகளில் மட்டும் காணும் பழக்கமல்ல; ஆனால் பெரிய சொற்பட்டியல்களோடு வேலைசெய்யும் நமக்கு அதன் அடி கூடுதலாக விழுகிறது. மொடியூல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மரத்தைக் கட்டும் வேலையை ஒரு சார்புக்குள் வைத்து, முதல் அழைப்பின் விளைவை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட தாமதம் அங்கேயே தீரும்.

6. பிழையின் காலம்

தலைப்பில் நிற்கும் இறக்குமதி வரி ஒரு சோதனையும்கூட. நூலகம் நிறுவப்படவில்லை என்றால் நிரல் முதற்கணத்திலேயே விழும். எந்தக் கோப்பும் தொடப்பட்டிருக்காது. அதே வரியைக் கடைசிச் சார்புக்குள் வைத்தால் என்ன நடக்கும்? நானூறு கோப்புகளை வாசித்து, மாற்றி, கடைசியில் எக்செல் அட்டவணையாக எழுதப் போகும்போது நூலகம் இல்லை என்று தெரியவரும். மிச்சப்படுத்தியது அரைச் செக்கன், இழந்தது முழு ஓட்டம். மாற்றங்கள் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றால் இழப்பு அதைவிடப் பெரிது.

இதற்குப் பைதனில் இடைவழி ஒன்று உண்டு. இம்போர்ட்லிப் பொதியின் ஃபைண்ட் ஸ்பெக் சார்பு ஒரு மொடியூல் அகப்படுமா என்று அதை இயக்காமலே பார்த்துச் சொல்லும். கிளைக்கட்டளை தெரிந்ததும் அதற்கு வேண்டிய எல்லா நூலகங்களையும் இப்படி விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். புள்ளி வைத்த உள்மொடியூலை விசாரித்தால் அதன் தாய்ப்பொதி உண்மையிலேயே ஏற்றப்பட்டுவிடும். மேலும், கோப்பு இருக்கிறது என்பது அது இயங்கும் என்பதற்கு உறுதியல்ல; உள்ளே சார்ந்திருக்கும் சி நூலகம் காணாமற்போயிருந்தால் ஏற்றும்போதுதான் தெரியும்.

நிரல் ஓடும்போது சூழல் மாறிவிடுவது அடுத்த ஆபத்து. வேர் அடைவை மாற்றிச் சிறைக்குள் போகும் நிரலுக்கு வெளியே இருக்கும் மொடியூல்கள் பிறகு எட்டாது. வேண்டியவற்றை முன்னரே ஏற்றிக்கொள்ள வேண்டும். நீண்ட ஓட்டத்தின் நடுவே யாராவது நூலகத்தைப் புதுப்பித்தால் பழைய பாதி நினைவகத்திலும் புதிய பாதி வட்டிலிருந்துமாகக் கலந்து வரும். தன்னையே புதுப்பிக்கும் கட்டளையில் இது விபத்தல்ல, நிச்சயம்: நிறுவல் முடிந்தபின் ஏற்றப்படும் ஒவ்வொரு மொடியூலும் புதிய பதிப்பினுடையது.

ஏற்றப்படுவதையே வேலையாகக் கொண்ட மொடியூல்களும் உள்ளன. ஒரு குறிமுறை மாற்றி தன்னைப் பொதுப் பட்டியலில் பதிவுசெய்துகொள்ளும் வரி அதன் மேல்மட்டத்தில் இருக்கும். அதை யாரும் ஏற்றாவிட்டால் பட்டியல் காலியாக இருக்கும், பிழைச்செய்திகூட வராது. சத்தமில்லாத இந்த வகைதான் எனக்கு மேலே சொன்ன அனைத்தையும்விட அச்சம் தருவது. இத்தகைய மொடியூல்களைத் தேவைவழி ஏற்றத்தில் சேர்க்கவே கூடாது.

7. மொழியே பொறுப்பேற்கும் முயற்சிகள்

இறக்குமதி வரிகளை அங்குமிங்கும் நகர்த்தாமல், மொழியே தாமதிக்கட்டும் என்ற எண்ணம் பைதனில் நெடுநாளாக உண்டு. 2005இல் தொடங்கிய மெர்க்யூரியல் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, இறக்குமதிப் பொறிமுறையையே இடைமறித்து, பெயர் முதலில் பயன்படும்வரை போலியொன்றை வைத்திருக்கும் டிமாண்ட்இம்போர்ட் என்ற கூறோடு வருகிறது. அதில் விலக்குப் பட்டியல் ஒன்று இருப்பது கவனிக்கத்தக்கது. ஒரு நூலகம் இல்லாவிட்டால் இன்னொன்றை எடுத்துக்கொள் என்று எழுதிய நிரல்கள், முதல் இறக்குமதி பொய்யாக வெற்றிபெறுவதால் ஏமாந்துபோகின்றன. அவற்றைப் பெயர் சொல்லி விலக்க வேண்டியதாயிற்று. பைதனின் 3.5 பதிப்பு லேஸிலோடரைத் தந்தது. 3.7 பதிப்பு, மொடியூலிடம் இல்லாத பெயரைக் கேட்கும்போது ஒரு சார்பை அழைக்கும் வசதியைத் தந்தது. நூலகம் எழுதுவோருக்கு இவை உதவின. ஸ்கிரிப்ட் எழுதுபவரை எட்டவில்லை.

ஹெர்மான் மெண்டெஸ் பிராவோவும் கார்ல் மேயரும் முன்வைத்த 690ஆம் எண் முன்மொழிவு, ஒரே ஆளியைத் திருப்பினால் எல்லா இறக்குமதிகளும் தாமதமாகும் வழியைக் கோரியது. உண்மையான கட்டளைவரி நிரல்களில் தொடக்க நேரம் 70 சதவீதம் வரையும் நினைவகம் 40 சதவீதம் வரையும் குறைந்ததாக அதில் குறிப்பிடப்பட்டது. 2022 டிசம்பரில் அது நிராகரிக்கப்பட்டது. ஆளி உள்ள உலகம், இல்லாத உலகம் என மொழி இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு நூலகமும் இரண்டிலும் சோதிக்கப்பட வேண்டிவரும் என்ற கவலை அதில் முக்கியமானது. அந்த முடிவு சரியென்றே படுகிறது. பதிவுசெய்துகொள்ளும் மொடியூலை எழுதியவருக்குத் தெரியாமல் வேறொருவர் தாமதப்படுத்த முடிவது ஆறாம் பகுதியின் சத்தமில்லாப் பிழைக்குக் கதவைத் திறந்துவிடுவது.

2025 நவம்பரில் ஏற்கப்பட்ட 810ஆம் எண் முன்மொழிவு மறுதிசையில் போகிறது. தாமதிக்க வேண்டிய இறக்குமதி வரிக்கு முன் லேஸி என்ற சொல்லை எழுதுபவரே சேர்க்க வேண்டும். கோப்பின் மேல்மட்டத்தில் மட்டுமே அதற்கு இடம். சார்புக்குள்ளும் பிழைபிடிக்கும் தொகுதிக்குள்ளும் எழுத முடியாது. ஆகவே மெர்க்யூரியலை ஏமாற்றிய அமைப்பு இங்கே தொடரியலாலேயே தடுக்கப்பட்டுவிட்டது. ஏற்றம் தோற்றால் வரும் பிழைச்செய்தி பெயர் பயன்பட்ட இடத்தோடு இறக்குமதி எழுதப்பட்ட இடத்தையும் காட்டும். எந்தெந்த நூலகங்கள் வேண்டும் என்ற பட்டியல் மீண்டும் கோப்பின் தலைப்புக்கு வந்துவிடுவதால் ஃபைண்ட் ஸ்பெக் விசாரணைக்கு எவற்றைக் கொடுப்பது என்று தேடி அலையவும் வேண்டாம்.

இச்சொல் 3.15 பதிப்புக்கு உரியது. பழைய மடிக்கணினிகளில் பணிசெயல் முறைமையோடு வந்த பைதனே பல ஆண்டுகளுக்கு இருக்கும். புதிய சொல்லைக் கண்டால் அது தொடரியல் பிழை என்று நின்றுவிடும். அதற்காகவே முன்மொழிவில், தாமதிக்க வேண்டிய மொடியூல்களின் பெயர்களைச் சரங்களாக ஒரு மாறியில் எழுதிவைக்கும் மாற்றுவழி தரப்பட்டுள்ளது. புதிய பதிப்பு அதைப் படித்து, பட்டியலில் உள்ள வழமையான இறக்குமதிகளைத் தாமதிக்கும். பழையது அதை வெறும் மாறியாகக் கடந்துபோய் எல்லாவற்றையும் உடனே ஏற்றும். ஆனால் அப்போது வேகம் தேவைப்படும் பழைய கணினிக்குத்தான் வேகம் கிடைக்காமற்போகிறது. ஆகவே பாமினி நிரல் போன்றவற்றில் கிளைக்கட்டளை எல்லையில் கையால் ஏற்றும் பழைய ஏற்பாட்டை இப்போதைக்கு அகற்ற வேண்டாம். பெயர்ப்பட்டியலை அதன் மேலே ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.